நீர்மானியைப் பழிக்குமுன் குழாயைப் பாருங்கள்

ஏற்றம் இறைத்த காலத்தில் சால் கணக்கு இருந்தது. பாட்டோடு எண்ணிக்கையும் ஓடும். எத்தனை சால் பாய்ந்தது என்பது இறைத்தவருக்கும் தெரியும், மடை திருப்பியவருக்கும் தெரியும். மின்மோட்டார் வந்தபின் அக்கணக்கு மறைந்து, "இரண்டு மணி நேரம் ஓடியது" என்பதே அளவாகிவிட்டது.

2021-இல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்த ராஜகீழ்ப்பாக்கத்தில் ஏரியை ஒட்டிய வயல்கள் பெரும்பாலும் வீட்டுமனைகளாகிவிட்டன. தென்புறநகரில் எஞ்சியுள்ள விவசாயக் கிணற்று நீர் பயிருக்கும் போகிறது, லாரியிலும் போகிறது. 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டதை யாரும் மறக்கவில்லை. இத்தகைய இடத்தில் நீர்மானி தவறாகக் காட்டினால் விற்பவரும் வாங்குபவரும் மட்டுமல்ல, பக்கத்துக் கிணற்றுக்காரரும் நட்டப்படுவார்.

"மானி சரியில்லை" என்று கழற்றி எறிவோர் பலர். பெரும்பாலும் குறை மானியில் இல்லை. அதைப் பொருத்திய விதத்தில்தான் உள்ளது. இப்பகுதி கடும்பாறைப் பகுதி. கோடையில் நீர்மட்டம் இறங்கினால் மோட்டார் காற்றையும் சேர்த்து இழுக்கும். மானி காற்றையும் நீராக எண்ணிக் கூடுதலாகக் காட்டும். குழாய் முழுவதும் நிரம்பாமல் பாதியளவு நீர் ஓடினாலும் இதே கதைதான். ஆகவே நீர் மேல்நோக்கி ஏறும் குழாயில் மானியைப் பொருத்துவது நலம். வளைவுக்கும் வால்வுக்கும் அருகில் வைத்தால் நீர் சுழன்று வந்து கணக்கைக் கெடுக்கும். பொதுவாக மானிக்கு முன்னால் குழாய் விட்டத்தைப் போல் 10 மடங்கும், பின்னால் 5 மடங்கும் நேர்க்குழாய் வேண்டும். 2 அங்குலக் குழாய்க்கு இது 20 அங்குலமும் 10 அங்குலமும் ஆகும். சக்கரம் சுழலும் மானியில் மணலும் உப்புப் படிவும் சேர்ந்தால் சக்கரம் மந்தமாகி அளவு குறையும். முன்னால் ஒரு வடிகட்டி அவசியம்.

சோதனைக்குப் பெரிய கருவி தேவையில்லை. டிரம்மில் 200 லிட்டருக்குக் கோடு போட்டு, நிரம்பும் நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். 40 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 5 லிட்டர். அப்படியானால் 10 நிமிடத்தில் மானி 3,000 லிட்டர் காட்ட வேண்டும். 3,300 காட்டினால் நூற்றுக்குப் பத்து பிழை. நீரோடு குமிழியும் நுரையும் வந்தால் காற்றுதான் காரணம்.

இதில் கடமை இருபக்கமும் உண்டு. மானி பொருத்தச் சொல்லும் அதிகாரிகள், ஆண்டுக்கொருமுறை அதைச் சோதித்துச் சான்று தரவும் ஏற்பாடு செய்ய வேண்டும். சோதிக்காத மானியை நம்பித் தண்டம் விதிப்பது முறையன்று. விவசாயிகளும் கணக்குக்கு அஞ்சி மானியை ஒதுக்கிவிடலாகாது. ஓர் ஏக்கருக்கு ஓர் அங்குல நீர் என்பது சுமார் 1,03,000 லிட்டர். விநாடிக்கு 5 லிட்டர் தரும் பம்பு ஏறக்குறைய 5 மணி 45 நிமிடம் ஓட வேண்டும். இக்கணக்கு கையில் இருப்பவர் கிணற்றையும் காப்பார், தம் உரிமையையும் எடுத்துச் சொல்வார்.