துதிக்கை போன ‘லை’யும் என் போனும்



அப்டேட் முடிந்து காலையில் போனைத் திறந்தால் எல்லாம் மங்கலான கண்ணாடி மாதிரி இருக்கிறது. நம்ம கிளென்மார்கன் மூடுபனியில் ஆளைத் தேடுவதுபோலப் போன் செய்யும் பட்டனைத் தேடினேன்.

1978-இல் எம்.ஜி.ஆர். அரசு, பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. ‘லை’, ‘னை’ எல்லாம் துதிக்கையை இழந்தன. பழகிய கைக்குச் சிரமம்தான். ஆனால் அதற்கு அரசாணை வந்தது. அச்சுக்கு எளிது என்ற காரணமும் இருந்தது. பெரியார் 1935-லேயே ‘குடி அரசு’ இதழில் நடைமுறைப்படுத்திக் காட்டியிருந்தார். போனோ ராத்திரியோடு ராத்திரியாக மாறிவிடுகிறது.

அதற்காக அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். பாதுகாப்புத் திருத்தங்களும் அதில்தான் வருகின்றன. மென்பொருள் எழுதும் என் பிள்ளைகளே, பூட்டை மாற்றுங்கள். வாசலை மாற்றுமுன் வீட்டுக்காரரைக் கேளுங்கள்.

மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம்: இந்த ஞாயிறு அம்மா அப்பா போனில் எழுத்தைப் பெரிதாக்கி, உங்கள் நம்பரை முகப்பில் வையுங்கள்.