பூனைக்குட்டியின் வாயில் ரத்தமா?

கேள்வி: ‘‘நெல் மூட்டைக்குக் காவலாக நான்கு மாதப் பூனைக்குட்டி வளர்க்கிறோம். பல் விழுந்து, வாயில் ரத்தம் தெரிகிறது. வீட்டில் எலி மருந்து வைத்திருந்தோம். அதைத் தின்றிருக்குமோ?’’
- வாசகர், கும்பகோணம்.

பதில்: ‘‘நான்கு மாதம் என்பது பால் பல் விழும் வயதுதான். பூனைக்குப் பால் பற்கள் 26. மூன்றரை மாதத்தில் விழத் தொடங்கி, ஏழு மாதத்துக்குள் 30 நிலையான பற்கள் வந்துவிடும். அப்போது ஈறில் லேசாக ரத்தம் கசியும். ஆடும் பல்லைப் பிடுங்க வேண்டாம். முள் நீக்கிய மீனைச் சோற்றில் பிசைந்து கொடுங்கள்.

ஆனால், உங்கள் பயத்தையும் தள்ளிவிட முடியாது. புரோமாடையலோன் போன்ற எலி மருந்துகள் ரத்தம் உறைவதைத் தடுப்பவை. மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்றாலும் பூனைக்கு ஆபத்துதான். அறிகுறிகள் சில நாள்கள் கழித்தே தெரியும். ஈறு வெளுத்திருந்தாலோ, மூக்கிலோ சிறுநீரிலோ ரத்தம் வந்தாலோ, குட்டி சோர்ந்து மூச்சு வாங்கினாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். மருந்துப் பாக்கெட்டையும் எடுத்துச் செல்லுங்கள். இதற்கு முறிமருந்து வைட்டமின் கே1. நேரத்தோடு கொடுத்தால் காப்பாற்றலாம்.

மீதமிருக்கும் எலி மருந்தை இன்றே அப்புறப்படுத்துங்கள். பூனை இருக்கும் வீட்டுக்கு எலிப்பொறியே நல்லது.’’