தசைகளுக்கு இன்னொரு வாசல்



எங்கள் சபையில் தையல் தொழில் செய்யும் ஒரு சகோதரர் உண்டு. மும்பைக்கு வந்து முப்பது வருஷங்களாயிற்று. நாளெல்லாம் இயந்திரத்தின் முன் அமர்ந்தே பிழைப்பு. பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. "காலையில் நடந்துவாருங்கள், எல்லாம் சரியாகும்" என்று அவருக்கு ஆலோசனை சொன்னேன். மறுநாளே அவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு ஒரு மணி நேரம் நடந்திருக்கிறார். உடல் வியர்த்து, கைகால் நடுங்கி, ரயில் நிலையப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். யாரோ ஒருவர் வாங்கிக் கொடுத்த இனிப்புத் தேநீர் அவரைத் தெளியவைத்தது. பாதி அறிந்து ஆலோசனை சொன்ன குற்றம் என்னுடையது. அதன்பின் கேட்டும் வாசித்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

இன்சுலின் செயல்படும்போது இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் குளுக்கோஸில் ஏறக்குறைய 80 சதவீதத்தை எலும்போடு இணைந்த தசைகளே ஏற்றுக்கொள்கின்றன. தசைச் செல்லுக்குள் 'குளூட்-4' என்னும் புரதம் உண்டு. இன்சுலின் கட்டளையிட்டால் அது செல்லின் மேற்பரப்புக்கு வந்து குளுக்கோஸுக்கு வாசலாகிறது. இரண்டாம் வகை நீரிழிவிலோ, தசை அந்தக் கட்டளைக்குச் சரியாகச் செவிகொடுப்பதில்லை. ஆகவே சர்க்கரை இரத்தத்திலேயே தேங்குகிறது.

ஆனால் நடக்கும்போது தசை சுருங்குகிறதல்லவா? அந்தச் சுருக்கமே இன்சுலினை எதிர்பாராமல், வேறொரு வழியாய் அதே புரதத்தை மேலே அழைத்துவருகிறது. நீரிழிவு உள்ளவரிடத்திலும் இந்த வழி அடைபடுவதில்லை. நடந்து முடித்தபின்பும் ஏறக்குறைய 24 முதல் 48 மணி நேரம் வரை தசை இன்சுலினுக்கு நன்றாய்ச் செவிகொடுக்கிறது. அதனால்தான், தொடர்ந்து இரண்டு நாட்களுக்குமேல் இடைவெளி விடலாகாது என்கிறார்கள்.

வாரக்கணக்கில் தொடர்ந்து நடந்தால் தசையின் அமைப்பே மாறுகிறது. குளூட்-4 பெருகுகிறது, நுண்ணிய இரத்தக்குழாய்கள் அதிகரிக்கின்றன, எரிபொருளைச் சக்தியாக்கும் மைட்டோகாண்டிரியாக்களும் பெருகுகின்றன. இந்தக் கடைசி உண்மையை அமெரிக்க விஞ்ஞானி ஜான் ஹாலோசி, எலிகளை ஓடப் பழக்கி, 1967-ல் வெளிப்படுத்தினார். நம் தேசத்திலும் சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரை ஆராய்ந்து 2006-ல் முடிவை வெளியிட்டனர். உணவு ஒழுங்கும் நடையும் கைக்கொண்டவர்களுக்கு, எடை குறிப்பிடும்படி குறையாதபோதும், வியாதி வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்திருந்தது.

இப்பொழுது அந்தச் சகோதரருக்கு நேரிட்டதின் காரணம் விளங்கும். அவருடைய மாத்திரை கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்கச் செய்வது. ஒருபுறம் அது சர்க்கரையை இழுக்க, மறுபுறம் தசையும் தன் வழியாய் இழுக்க, இடையில் ஆகாரம் இல்லை. இப்படிப்பட்ட மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுப்பவர்கள் உபவாச நாட்களிலும் இதை மறக்கலாகாது. மருந்தின் அளவையும் நடக்கும் நேரத்தையும் மருத்துவரிடம் கேட்டே தீர்மானியுங்கள். நடக்கிறோமே என்று மருந்தைத் தானாக நிறுத்தவும் வேண்டாம்.

வாரத்திற்கு 150 நிமிட வேகநடை போதுமானது. சிறிய வீட்டில் வாழ்கிறோம், நேரமில்லை என்பீர்கள். உணவுக்குப்பின் பத்து நிமிடம் நடப்பதும் கணக்கில் சேரும். பாதத்திற்குப் பொருந்தும் காலணி அணியுங்கள். இரவில் பாதங்களைப் பார்த்து, புண் இருந்தால் அலட்சியம் செய்யாதிருங்கள். மார்பு வலித்தால் உடனே நின்று, தாமதமின்றி மருத்துவ உதவியை நாடுங்கள்.

அந்தச் சகோதரர் இப்பொழுது காலை ஆகாரத்திற்குப்பின் மனைவியோடு நடக்கிறார். சட்டைப்பையில் நான்கு சர்க்கரை மிட்டாய்கள் எப்போதும் இருக்கின்றன. அவரோடு நானும் நடக்கிறேன். ஆலோசனை சொன்னவன் வீட்டில் உட்கார்ந்திருப்பது முறையல்லவே.