அழிக்கப்பட வேண்டிய எல்லைக் கோடுகள்

சென்னை மாநகரில் ஒரு தொழிலாளியின் குழந்தை எந்தப் பள்ளியில் படிக்கும், எத்தனை ஆண்டு படிக்கும் என்பதை அக்குழந்தையின் அறிவோ ஆர்வமோ தீர்மானிப்பதில்லை. தகப்பனாரின் கூலியும், குடியிருக்கும் வீடு எந்த அதிகாரியின் எல்லைக்குள் வருகிறது என்பதுமே தீர்மானிக்கின்றன. மாநகராட்சிப் பள்ளி ஒரு நிர்வாகத்தின் கீழ், மாநில சர்க்காரின் பள்ளி இன்னொரு இலாகாவின் கீழ், உதவி பெறும் பள்ளி தனி, கட்டணம் வாங்கும் மெட்ரிகுலேஷன் பள்ளி தனி, சி.பி.எஸ்.இ. பள்ளி அதற்கும் மேலே தனி. ஒரே தெருவில் பிறந்த பிள்ளைகள் ஐந்து வாசல்களுக்குப் பிரித்து அனுப்பப்படுகிறார்கள். இந்த ஏற்பாட்டை அடியோடு திருத்தி அமைக்காமல் எல்லோருக்கும் சமமான கல்வி என்று முழங்குவது வெறும் பேச்சே தவிர வேறல்ல.

சென்னை மாநகராட்சிக்குக் கல்வியில் பெருமைக்குரிய சரித்திரம் உண்டு. 1920-ல் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த நகரசபை, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளிக்கத் தீர்மானித்தது. பிள்ளை ஒன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவு. பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் தொகையும் பெருகியது. அந்த ஓரணாவைக்கூட வெள்ளைக்கார சர்க்கார் பொறுக்கவில்லை; 1925-ல் திட்டம் நின்றது. காமராஜர் ஆட்சியில் 1956-ல் மதிய உணவு மீண்டும் வந்தது. 2022-ல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. பொதுப் பணம் ஏழை வீட்டுப் பிள்ளையின் பக்கம் திரும்பும்போதெல்லாம் பள்ளியின் வாசல் அகலமாகிறது என்பதே இந்த நூறாண்டுகளின் பாடம்.

ஆனால் வாசலுக்குள் நுழைந்த பிள்ளைக்குச் சமமான இடம் கிடைத்ததா? அங்கேதான் எல்லைக் கோடுகள் குறுக்கிடுகின்றன.

2011-ல் மாநகராட்சியின் எல்லை விரிக்கப்பட்டது. அம்பத்தூர், மாதவரம், திருவொற்றியூர், ஆலந்தூர் முதலிய நகராட்சிகளும், பேரூராட்சிகளும், ஊராட்சிகளுமாக 42 ஸ்தல ஸ்தாபனங்கள் இணைக்கப்பட்டன. 155 வார்டுகள் 200 ஆயின. 174 சதுர கிலோமீட்டர் 426 ஆயிற்று. புதிய பகுதிகளின் வீட்டு வரி மாநகராட்சிக்கு வந்து சேர்ந்தது. பள்ளிகள் வந்து சேர்ந்தனவா? இல்லை. அவை காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் கல்வி அதிகாரிகளிடமே விடப்பட்டன. 2022-23-ல்தான் ஏறத்தாழ 140 பள்ளிகள் மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டன. வரி வசூலிப்பதற்கு எல்லை ஒரே உத்தரவில் விரிந்தது. பள்ளிப் பிள்ளைக்காக அந்த எல்லை விரியப் பத்தாண்டுகளுக்கு மேல் பிடித்தது! ஆளுவோருக்கு எது அவசரம், எது அவசரமில்லை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதைவிடக் கொடிய கோடு ஒன்று நகரத்தின் தென்கோடியில் கிடக்கிறது. கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் கண்ணகி நகருக்கும், செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்துக்கும் ஏற்றி அனுப்பப்பட்டன. 2011 எல்லை விரிவின்போது கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் மாநகராட்சிக்குள் வந்தன. பெரும்பாக்கம் வெளியே விடப்பட்டது. பிறகு அங்கே இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட அடுக்குமாடி வீடுகளைக் கட்டி, மாநகரத்தின் ஏழை மக்களை அதே சர்க்கார்தான் கொண்டுபோய்க் குவித்தது. சென்னையின் வீடுகளில் வேலை செய்கிறவர்களும், சென்னையின் மூட்டைகளைச் சுமக்கிறவர்களும் ஒரே நாளில் சென்னைக்கு அந்நியராயினர். அவர்களுடைய பிள்ளைகளுக்கு மாநகராட்சிப் பள்ளி அயலூர்ப் பள்ளியாயிற்று.

குடும்பங்களை அப்புறப்படுத்தும் அதிகாரிகள் பள்ளி நாட்காட்டியைப் புரட்டிப் பார்ப்பதில்லை. 2019 டிசம்பர் கடைசியில், கல்வியாண்டின் நடுவில், தீவுத்திடலை அடுத்த சத்தியவாணி முத்து நகர் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. 2022-ல் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பொதுத் தேர்வுக் காலத்திலேயே வீடுகள் இடிக்கப்பட்டன. இவ்வாறு பெயர்க்கப்பட்ட பிள்ளையின் முன் இரண்டே வழிகள். விடியுமுன் எழுந்து இருபத்தைந்து கிலோமீட்டர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பழைய பள்ளிக்குப் போக வேண்டும். அல்லது புதிய இடத்தில், ஏற்கெனவே நிரம்பி வழியும் வகுப்பில், ஆண்டின் நடுவே போய் உட்கார வேண்டும். இரண்டும் முடியாதபோது மூன்றாவது வழி தானே வருகிறது: படிப்பு நிற்கிறது. பையன் கூலி வேலைக்குப் போகிறான். பெண் பிள்ளை தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு நிறுத்தப்படுகிறாள்.

இவை சட்டம் இல்லாத குறையால் நடப்பவை அல்ல. 2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் அருகமைப் பள்ளியை உறுதி செய்யும் கடமையை சர்க்காருக்கும் ஸ்தல ஸ்தாபனத்துக்கும் விதிக்கிறது. தன் எல்லைக்குள் வசிக்கும் 14 வயது வரையிலான பிள்ளைகளின் பதிவேட்டை ஸ்தல ஸ்தாபனம் வைத்திருக்க வேண்டும் என்கிறது. இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்கிறது. ஆனால் அனுப்பி வைத்த ஸ்தாபனத்தின் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டால், பெற்றுக்கொள்ளும் ஸ்தாபனத்தின் பதிவேட்டில் அதை எழுதுவது யார்? இரண்டு எல்லைகளுக்கு நடுவே விழுந்த பிள்ளைக்கு ஜவாப்தாரி யார்? இந்தக் கேள்விக்குத்தான் பதில் வேண்டும்.

எல்லையைக் காட்டி ஏழைப் பிள்ளைகளை ஒதுக்கும் வித்தை நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. உலகிலேயே பெரிய பணக்கார நாடு என்று மார்தட்டும் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். இனவாரியாகப் பள்ளிகளைப் பிரிப்பது சட்டவிரோதம் என்று 1954-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. டெட்ராய்ட் மோட்டார் தொழில் நகரம். அங்கே வசதி படைத்த வெள்ளையர்கள் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர்; நகரப் பள்ளிகளில் பெரும்பாலும் கறுப்புத் தொழிலாளரின் பிள்ளைகளே மிஞ்சினர். நகரத்தையும் 53 புறநகர்ப் பள்ளி வட்டாரங்களையும் சேர்த்தே திட்டம் வகுக்க வேண்டும் என்று 1972-ல் ஒரு நீதிபதி உத்தரவிட்டார். 1974-ல் சுப்ரீம் கோர்ட் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. வட்டார எல்லையைத் தாண்டக் கூடாதாம்! சொத்து வரியை நம்பிப் பள்ளி நடத்தும் நாட்டில், சொத்தெல்லாம் கோட்டுக்கு அப்பால் போய்விட்டால் கோட்டுக்கு இப்பால் மிஞ்சுவது என்ன? பின்வந்த ஆண்டுகளில் டெட்ராய்டில் நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன.

அதே நாட்டில் சார்லட் நகரத்தின் கதை வேறு. அங்கே நகரமும் சுற்றுப்புற வட்டமும் 1960 முதல் ஒரே பள்ளி நிர்வாகத்தின் கீழ் இருந்தன. 1971-ல் சுப்ரீம் கோர்ட் ஒருமனதாக அனுமதித்த திட்டப்படி இரு இனப் பிள்ளைகளும் பஸ்களில் சென்று ஒன்றாகப் படித்தனர். நிர்வாகம் ஒன்றாக இருந்ததால் பணக்காரர்கள் கோட்டைத் தாண்டி எளிதில் ஓட முடியவில்லை. 2001-க்குப் பின் கோர்ட்டின் கண்காணிப்பு விலகியது. பழைய பிரிவினை மீண்டும் தலைதூக்கியது. இரண்டு நகரங்களும் நமக்குச் சொல்வது இதுதான்: எல்லையைத் திருத்தாமல் சமத்துவம் வராது, வந்த சமத்துவத்தை மக்கள் காவல் காக்காவிட்டால் அது நிலைக்காது.

மாற்றியமைத்தல் என்ற சொல்லைக் கேட்டதும் ஆளும் வர்க்கங்களுக்கு நினைவு வருவது வேறொன்று. அவர்களுடைய அகராதியில் அதற்கு அர்த்தம் பூட்டு. உத்தரப் பிரதேசத்தில் 2025-ல், 50 பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிகளை வேறு பள்ளிகளோடு இணைக்க உத்தரவு பிறந்தது. தமிழ்நாட்டிலும் 2019-ல், பிள்ளைகள் இல்லை என்று காரணம் காட்டி 46 பள்ளிகள் நூலகங்களாக்கப்பட்டன. பிள்ளைகள் ஏன் இல்லை என்று எவரும் விசாரித்தார்களா? ஆசிரியர் இல்லாத பள்ளிக்கு எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்? 2022-ல் காலியிடங்களுக்கு மாதம் 7,500 ரூபாய்க்கும், 10,000 ரூபாய்க்கும், 12,000 ரூபாய்க்கும் தற்காலிக ஆசிரியர்களை வைத்துக்கொள்ள மாநில சர்க்கார் உத்தரவிட்டது. படித்துப் பட்டம் பெற்றவர்களுக்குக் கூலிக்காரச் சம்பளம். ஏழைப் பிள்ளைக்கு ஆண்டு முடிந்தால் மறைந்து போகும் ஆசிரியர்!

தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளனவே என்று சிலர் கேட்கலாம். கிடைத்த பிள்ளைகள் படிக்கட்டும். அதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் குலுக்கலில் பெயர் வந்த பிள்ளைக்கு ஒரு பள்ளி, வராத பிள்ளைக்கு வேறொரு பள்ளி என்பது உரிமையாகுமா? அந்த அற்ப உரிமையின் தலையிலும் டில்லி கை வைத்தது. புதிய கல்விக் கொள்கையோடு பிணைந்த திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக, 2024-25-ல் தமிழ்நாட்டுக்குரிய 2,152 கோடி ரூபாயை மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. மாநிலத்தைப் பணிய வைப்பதற்குப் பள்ளிப் பிள்ளைகளைப் பணயம் வைத்த இந்தச் செயலை ஜனநாயக உணர்வுள்ள எவரும் மன்னிக்க மாட்டார்கள்.

இன்று செய்ய வேண்டியது என்ன?

முதலாவதாக, மாநகராட்சி எல்லைக்குள்ளும், பெரும்பாக்கம் போன்ற குடியமர்வுப் பகுதிகளிலும் உள்ள பொதுப் பள்ளிகள் அனைத்தும் ஒரே கல்வி நிர்வாகத்தின் கீழ் வர வேண்டும். அது அதிகாரிகளின் கோட்டையாக இருக்கக் கூடாது. மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளுக்குப் பதில் சொல்வதாக இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, ஆசிரியர்களும் பணமும் தேவைக்கு ஏற்பப் பங்கிடப்பட வேண்டும். வட சென்னைக்கும் குடியமர்வுப் பகுதிகளுக்கும் முதல் பங்கு. காலியிடங்களில் நிரந்தர ஆசிரியர்கள் நியமிக்கப்பட வேண்டும்.

மூன்றாவதாக, மக்களை வாழும் இடத்திலிருந்து பெயர்ப்பதே கூடாது. அருகிலேயே வீடு கட்டித் தர வேண்டும். எக்காரணத்தைக் கொண்டும் கல்வியாண்டின் நடுவில் ஒரு குடிசையையும் தொடக் கூடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில் இடம் என்று எழுதிக் கொடுக்காமல் எந்தக் குடும்பத்தையும் லாரியில் ஏற்றக் கூடாது.

நான்காவதாக, மாநகரப் பகுதியில் எந்தப் பொதுப் பள்ளியையும் மூடவோ இணைக்கவோ கூடாது. பிள்ளைகள் குறைந்த பள்ளிகளில் மழலையர் வகுப்பும், ஆய்வுக்கூடமும், விளையாட்டு ஆசிரியரும் கொடுத்து அவற்றை நிரப்ப வேண்டும்.

ஐந்தாவதாக, தனியார் பள்ளிகளும் அருகமைப் பிள்ளைகளைச் சேர்க்கும் பொது ஏற்பாட்டுக்குள் படிப்படியாகக் கொண்டுவரப்பட வேண்டும். 1966-ல் கோத்தாரி கமிஷன் சிபாரிசு செய்த பொதுப் பள்ளி முறை இதுதான். 1968-ல் மத்திய சர்க்காரே ஏற்றுக்கொண்டு, பிறகு அலமாரியில் வைத்துப் பூட்டிய முறையும் இதுதான்.

தரம் கெட்டுவிடும் என்ற கூக்குரல் எழும் என்பது நமக்குத் தெரியும். சமச்சீர்க் கல்வி வந்தபோதும் இதே கூக்குரல்தான் எழுந்தது. 2011-ல் புதிதாகப் பதவியேற்ற மாநில சர்க்கார் அதை நிறுத்த முயன்றது. விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை போய், அந்த ஆகஸ்டில் பொதுப் பாடத்திட்டம் வென்றது. வானம் இடிந்து விழுந்துவிடவில்லை. பாடப் புத்தகம் ஒன்றானது போலப் பள்ளியின் நிலைமையும் ஒன்றாக வேண்டும் என்பதே அடுத்த படி. பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. தேசிய வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று கூறியதும் அதே கோத்தாரி கமிஷன்தான். அந்த இலக்கை இந்நாடு இன்றுவரை எட்டவில்லை. பெருமுதலாளிகளின் வரியைக் குறைக்க முடிகிற கஜானாவில் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் பணம் இல்லையா?

நிர்வாகத்தை மாற்றியமைத்தால் மட்டும் வர்க்க பேதம் ஒழிந்துவிடும் என்று நாம் கூறவில்லை. கூலி உயராமல், வீடு நிலைக்காமல், பள்ளி மட்டும் சமமாகிவிடாது. ஆனால் இந்தக் கோடுகள் அழியாதவரை தொழிலாளியின் பிள்ளை போராட்டத்தின் முதல் படியிலேயே தடுக்கப்படுகிறது என்பதும் உண்மை.

ஒவ்வொரு பள்ளியிலும் மேலாண்மைக் குழு அமைக்கச் சட்டம் வழி செய்திருக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் கூட்டப்படும் குழுக்களாக அவற்றை விட்டுவிடலாகாது. தொழிற்சங்கங்களும், மாதர், வாலிபர், மாணவர் சங்கங்களும், ஆசிரியர் அமைப்புகளும் பேட்டை பேட்டையாகச் செல்ல வேண்டும். பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளின் பட்டியலை வீடு வீடாகத் தயாரிக்க வேண்டும். அந்தப் பட்டியலோடு வார்டு கவுன்சிலரின் வாசலிலும், ரிப்பன் கட்டடத்தின் வாசலிலும், கோட்டையின் வாசலிலும் பெற்றோர் திரண்டு நிற்க வேண்டும். கோடு போட்டவர்கள் தாமாக அதை அழிக்கப் போவதில்லை. உழைக்கும் மக்களின் ஒன்றுபட்ட கை அழித்தால்தான் அது அழியும்!