முதல் தோசை உங்களுக்கு!

பள்ளிகொண்டா பக்கத்துச் சகோதரிகளுக்குப் பிரியாணி என்றால் ஆம்பூர்தான். பட்டணம் போனாலோ, ஓட்டல் தோசை மேல்தான் கண்! சென்னை கதீட்ரல் ரோட்டில் 1962-ல் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் நினைவிருக்கிறதா? மரநிழலில் காரை நிறுத்தினால், ஜன்னலிலேயே தட்டை மாட்டிப் பரிமாறுவார்கள். பஸ்ஸில் போனவர்களுக்கு உள்ளே மேசை, நாற்காலி. 2008-ல் மூடிவிட்டார்கள், அங்கே இப்போது செம்மொழிப் பூங்கா.

அந்தத் தோசைக்கு ஏன் அத்தனை ருசி? நாம் வார்க்காத தோசை; உட்கார்ந்து, சூடாகச் சாப்பிட்டோம்! வீட்டிலோ எல்லோருக்கும் வார்த்துப் போட்டுவிட்டு, கடைசியில் ஆறியதை நின்றபடியே விழுங்குகிறோம். பால் கொடுக்கும் தாய் இப்படிச் சாப்பிட்டால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

ஞாயிற்றுக்கிழமை ஒருவேளையாவது அவரை அடுப்பண்டை நிற்கச் சொல்லுங்கள். தோசை கோணலாக வந்தால் வரட்டுமே!