மலையின் மேல் பழி வேண்டாம்

"பெண் பிள்ளைகளுக்கு மலையேற்றம் எதற்கு?" இக்கேள்வி எங்கள் வகுப்பு மாணவியர் பலரின் வீடுகளில் எழுந்தது. கேட்டவர்கள் பெற்றோர், கேட்க வைத்தது அன்பு. ஆகவே பணிவுடனேயே எங்கள் கருத்தைக் கூற விரும்புகிறோம்.

அவர்களது அச்சம் காரணமற்றதன்று. 2018ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில், மலையேறச் சென்ற 23 பேர் உயிரிழந்தனர். மகளிர் தினத்தையொட்டிச் சென்னையிலிருந்து சென்ற பெண்களும் அவர்களுள் இருந்தனர். அச்செய்தி இன்றும் நெஞ்சைச் சுடுகிறது. ஆயினும், பெண்கள் மலையேறியதா அங்கே குற்றம்?

சற்றே சிந்திப்போம். பிப்ரவரிக்குப் பின் மலைப்புல் காய்ந்து சருகாகிறது. தீப்பற்றினால், அனற்காற்று மேலெழுந்து, மேலேயுள்ள புல்லையும் உலர்த்திவிடுகிறது. ஆதலால் சரிவில் தீ மேல்நோக்கி விரைந்து ஏறும். மனிதர் அதனோடு ஓட்டப்பந்தயம் ஓட இயலாது. அவர்கள் சென்றது அனுமதி பெறாத பாதை என்றும் வனத்துறை கூறியது. ஆகவே தவறிப்போனவை காலமும் ஏற்பாடும்தான்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பார்கள் நம் பெரியோர். விதைப்புக்குப் பட்டம் பார்க்கும் நமக்கு, மலைக்கும் ஒரு பட்டம் உண்டென்பது புரியாதா? மழை ஓய்ந்த உடனே சென்றால் பாறை வழுக்கும். கோடை நெருங்கினால் புல் எரியும். இரண்டுக்கும் இடைப்பட்ட தை மாதமே நம் மலைகளுக்கு நல்ல காலம்.

தெலங்கானா மாநிலத்தில் கூலி வேலை செய்யும் பெற்றோரின் மகளான மாலாவத் பூர்ணா, 2014 மே 25 அன்று எவரெஸ்டின் உச்சியில் நின்றார். அப்போது அவருக்கு 14 வயதுகூட நிறையவில்லை. 2016இல் ஆப்பிரிக்காவின் 5,895 மீட்டர் உயரமுள்ள கிளிமஞ்சாரோவிலும் ஏறினார். அது ஒரு தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் எரிமலை; வழிகாட்டியின்றி எவரும் ஏற அங்கு அனுமதியில்லை. ஏறுவோர் மழை மாதங்களைத் தவிர்க்கிறார்கள். பூர்ணாவின் பெற்றோர் வீட்டுக் கதவைப் பூட்டியிருந்தால் இவையெல்லாம் நடந்திருக்குமா?

அவ்வளவு தூரம் போவானேன்? அரூரை அடுத்த தீர்த்தமலைக்கு நம் பாட்டிமார் படியேறிச் செல்கிறார்கள். சித்தேரி மலைப் பெண்கள் தலைச்சுமையோடு ஏறி இறங்குகிறார்கள். அவர்களிடம் யாரும் "நீ பெண்ணாயிற்றே" என்று கேட்டதில்லை. வேலைக்காக ஏறலாம், வேண்டுதலுக்காக ஏறலாம், கற்பதற்காக மட்டும் ஏறக்கூடாதென்பது என்ன நியாயம்?

குரங்கணிக்குப் பின், 2018இலேயே மலையேற்றத்திற்கு அரசு தனி விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளுடன் செல்ல வழி செய்தது. துயரத்திலிருந்து அரசு பாடம் கற்றிருக்கிறது. நாமோ அச்சத்தை மட்டுமே கற்கலாமா?

அன்புப் பெற்றோரே, மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளே! வரும் தை மாதத்தில், வனத்துறையின் அனுமதியோடும், வழியறிந்த ஒருவரின் துணையோடும், எங்களை ஒரு மலைக்கு அழைத்துச் செல்லுங்கள். தண்ணீரை நாங்களே சுமப்போம். சொன்ன பாதையை விட்டு விலகமாட்டோம். "திரும்பு" என்றால் உச்சி கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் திரும்புவோம். எப்போது ஏறுவது, எப்போது திரும்புவது என்பதைக் கற்ற பெண்ணுக்கு, வீட்டிலே பூட்டி வைக்கப்பட்ட பெண்ணைவிட ஆபத்து குறைவு என்பதே எங்கள் உறுதியான எண்ணம்.