உழைத்து அறியும் நிலம்

நுழையும்முன்

விடுமுறை ஓய்வுக்கு உரியதா, பயணத்திற்கு உரியதா, கற்றலுக்கு உரியதா? ஆர்க்டிக் வட்டத்திற்கு வடக்கே உள்ள பள்ளத்தாக்கு ஒன்றில் ஐவர் உழைத்துக் கழித்த ஒரு கோடைக்காலம், பெரும் நிலப்பரப்பு ஒன்றின் காவலுக்குத் துணைநின்றது. அதன்வழி, நிலத்தை அறிதல் என்பதன் பொருளை ஆராய்கிறது இக்கட்டுரை.

தமிழர் நிலத்தைப் பகுத்தபோது மலை, காடு, வயல், கடல் என இடங்களை மட்டும் எண்ணவில்லை. அவ்வந்நிலத்திற்கு உரிய தொழிலையும் கருப்பொருளுள் ஒன்றாக வைத்தனர். தேன் எடுத்தலும் ஆநிரை மேய்த்தலும் நெல் அரிதலும் மீன் பிடித்தலும் அந்நிலங்களின் உறுப்புகளாகவே கருதப்பட்டன. இன்றோ நிலத்தை நாம் காட்சிப்பொருளாக்கிவிட்டோம். ஓரிடத்திற்குச் செல்கிறோம், ஒளிப்படம் எடுக்கிறோம், திரும்புகிறோம். பார்த்தல் வேறு, அறிதல் வேறு. ஒரு நிலத்தை அறிய விரும்புவோர் அங்கே சில காலமேனும் உழைக்க வேண்டும் என்பதே என் கருத்து. அதற்குச் சான்று, ஐந்திணையுள் அடங்காத ஒரு பனிநிலத்தில் கிடைக்கிறது.

பொழுது சாயாத பள்ளத்தாக்கு

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தின் வடகிழக்கில், புரூக்ஸ் மலைத்தொடரிலிருந்து தெற்கு நோக்கிப் பாய்கிறது ஷீன்ஜெக் ஆறு. ஆர்க்டிக் வட்டத்திற்கு வடக்கே உள்ள அதன் மேற்பள்ளத்தாக்கில், கோடையில் பல நாள்கள் கதிரவன் மறைவதே இல்லை. நிலத்தின் அடியிலுள்ள மண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும். மேலடுக்கு மட்டுமே கோடையில் இளகும். உருகிய நீர் கீழிறங்க வழியின்றித் தேங்குவதால் சதுப்பும் குட்டைகளும் பெருகும். கொசுக்கள் கூட்டமாகச் சூழும். நடப்பவரின் கால்கள் புல்திட்டுகளுக்கு இடையே புதையும்.

கணக்கெடுத்த கோடை

1956ஆம் ஆண்டு இப்பள்ளத்தாக்கில் ஐவர் முகாமிட்டனர். ஓலாஸ் முரீ என்னும் உயிரியல் அறிஞரும் அவர்தம் துணைவியார் மார்கரெட் முரீயும் குழுவிற்குத் தலைமை ஏற்றனர். அலாஸ்காப் பல்கலைக்கழகப் பறவையியல் அறிஞர் பிரைனா கெசல், இளம் ஆய்வாளர்கள் ராபர்ட் கிரியர், ஜார்ஜ் ஷாலர் ஆகியோர் உடன் சென்றனர். ஓலாஸ் அறுபது வயதைக் கடந்தவர்; ஷாலருக்கு 23 வயது.

மார்கரெட்டுக்கு வடபுலம் புதிதன்று. பின்னாளில் அலாஸ்காப் பல்கலைக்கழகமாக வளர்ந்த கல்லூரியில் 1924இல் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். அவ்வாண்டே மணம் முடித்து, படகிலும் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியிலும் கணவருடன் பயணம் செய்து கரிபு என்னும் துருவமான்களின் ஆய்வில் துணைநின்றவர்.

ஷீன்ஜெக் கோடையில் அவர்கள் செய்த பணிகள் எளியவை. பறவைகளை எண்ணினர், செடிகளைச் சேகரித்தனர், சிலந்திகளையும் பூச்சிகளையும் திரட்டினர், விலங்குகளின் கால்தடங்களையும் எச்சங்களையும் ஆராய்ந்து அவை உண்டவற்றை அறிந்தனர். நாள்தோறும் நடந்தனர், கண்டதைக் குறித்தனர். வழிப்போக்கர் கண்ணுக்கு வெறுமையாகத் தோன்றும் நிலம், பொறுமையுடன் எண்ணியவர்களுக்கு உயிர்களின் குடியிருப்பாகப் புலப்பட்டது.

உழைப்பின் பயன்

அக்கோடையின் இறுதிப்பகுதியில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் முகாமுக்கு வந்து தங்கினார். பின்னர் அந்நிலத்தின் சிறப்பை எழுதவும் செய்தார். முரீ இணையர் ஊர் ஊராகச் சென்று தாம் கண்டதை மக்களிடம் எடுத்துரைத்தனர். பலரது முயற்சியின் பயனாக, 1960 டிசம்பரில் ஏறத்தாழ 36,000 சதுர கிலோமீட்டர் பரப்பு ஆர்க்டிக் தேசியக் காட்டுயிர்ப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 1980இல் இயற்றப்பட்ட சட்டம் அதனை இரு மடங்கிற்கும் மேலாக விரிவாக்கியது.

வெற்றிடம் என்னும் மயக்கம்

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. மனித வாடையே இல்லாத நிலம் என்று வெளியார் புகழ்ந்த அப்பகுதியில் குவிச்சின் மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வருகின்றனர். கரிபு அவர்களுக்கு உணவு. அதன் தோல் உடை. அதன் வழித்தடம் அவர்களது நாள்காட்டி. அறிவியலார் ஒரு கோடை உழைத்து அறிந்ததை, அவர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்து அறிந்தனர். அவ்வறிவை மதியாத பாதுகாப்பு அரைகுறையானது.

மற்றொரு சிக்கலும் உண்டு. கரிபுகள் கன்று ஈனும் வடகடற்கரைச் சமவெளியில் எண்ணெய் எடுக்கலாமா என்னும் வழக்கு பல்லாண்டுகளாக நீடிக்கிறது. 2017ஆம் ஆண்டின் சட்டம் அதற்கு வழிவகுத்தது. குவிச்சின் மக்கள் எதிர்க்கின்றனர். கடற்கரை ஊரான காக்டோவிக்கில் வாழும் இனூப்பியாட் மக்களில் பலர், பள்ளிக்கும் மருத்துவத்திற்கும் பொருள் வேண்டும் என்பதால் ஆதரிக்கின்றனர். அவர்களது தேவையைப் புறந்தள்ளுதல் அறமாகாது. ஆயினும், 1984, 1985ஆம் ஆண்டுகளின் குளிர்காலங்களில் எண்ணெய் தேடி ஊர்ந்த கனரக வண்டிகளின் தடங்கள் சில, பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் அங்கே மறையவில்லை. காயம் ஆறுவதற்கே இத்துணைக் காலம் எடுக்கும் நிலத்தில், வருவாயைக் கணக்கிடும் முன் இழப்பைக் கணக்கிடுவதே அறிவுடைமை. மக்களின் அடிப்படைத் தேவைகளுக்கு எண்ணெயையே நம்பியிருக்கச் செய்வது அரசின் குறையேயன்றி நிலத்தின் கடன் அன்று.

நமக்கான பாடம்

ஷீன்ஜெக்கில் சிலந்திகளைத் திரட்டிய இளைஞர் ஷாலர், பின்னாளில் ஆப்பிரிக்காவில் கொரில்லாக்களையும் மத்திய இந்தியக் காட்டில் புலிகளையும் ஆராய்ந்து உலகப்புகழ் பெற்றார். தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய வரையாட்டையும் மலைமுகடுகளில் தேடிச் சென்று ஆராய்ந்தார். ஒரு கோடையில் பழகிய பொறுமை வாழ்நாள் முழுதும் அவருக்குத் துணைநின்றது எனலாம்.

மாணவர்கள் அனைவரும் துருவத்திற்குச் செல்ல இயலாது, செல்லவும் வேண்டியதில்லை. ஊர் ஏரிக்கு வரும் பறவைகளை ஒரு கோடை முழுவதும் எண்ணிக் குறித்தவர், அவ்வேரி தூர்க்கப்படும் நாளில் வாளாவிருக்கமாட்டார். வாதாட அவரிடம் சான்றும் இருக்கும். உழைத்து அறிந்தவரே உரிமையுடன் காப்பர். அடுத்த விடுமுறைக்கு ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும். நிலம் நம் வாசலிலேயே காத்திருக்கிறது.